கருக்கிய மீன் – கதையும் செய்முறையும்

வீட்டில் மீன் கருகிவிட்டால் அன்றைக்கு அடுப்படியில் நின்றவள் பாடு திண்டாட்டந்தான். பாட்டி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், "கவனம் எங்கே போயிற்று?" என்று தொடங்கிவிடுவார்கள். ஆனால் மீனை வேண்டுமென்றே கரிய நிறம் ஏறும்வரை சுட்டு, அதைத் தின்பதற்காக ஊர் மக்களைத் தெருவில் வரிசை கட்டி நிற்க வைத்தார் ஒரு சமையற்காரர் என்றால் நம்புவீர்களா, தோழியரே? அந்த மீனைப் பற்றித்தான் மனையியல் படிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

இந்தப் பண்டம் பிறந்த இடம் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள லூயிசியானா மாநிலம். மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் சதுப்பு நாடு அது. நண்டு, இறால், சிப்பி, மீன் இவற்றுக்குக் குறைவில்லை. கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் நமக்கு அம்மாநிலத்தைப் பற்றி ஒரு செய்தி வியப்பாயிருக்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கவுண்டி என்னும் உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்க, லூயிசியானாவில் மட்டும் அவற்றுக்குப் பங்கு என்று பொருள்படும் பாரிஷ் என்பதே பெயர். மொத்தம் 64 பங்குகள். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆண்ட காலத்தில் கோவில் பங்கின் எல்லையே ஊர் எல்லையாக இருந்ததன் அடையாளம் அரசாங்கக் காகிதத்திலும் நிலைத்துவிட்டது.

அங்கே வாழும் மக்களில் ஒரு பிரிவினர் கேஜன் எனப்படுவோர். இவர்களுடைய முன்னோர் கனடாவின் கிழக்குக் கரையில் அகேடியா என்ற பகுதியில் குடியேறியிருந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குடியானவர்கள். 1755ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அவர்களை நிலபுலன்களிலிருந்து விரட்டிக் கப்பலேற்றினார்கள். குடும்பங்கள் சிதறின. பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் ஒரு கூட்டத்தார் லூயிசியானாவின் சதுப்புக் கரைகளில் வந்து தங்கினர். அகேடியன் என்ற சொல்லே வாயில் தேய்ந்து கேஜன் ஆயிற்று. கையில் கிடைத்த மீனையும் அரிசியையும் கொண்டு ஒரே இரும்புச் சட்டியில் சமைக்கும் பழக்கம் இவர்களுடையது. சோறுண்ணும் மக்கள் என்பதால் எங்களுக்கு அவர்கள் மேல் ஒரு தனிப் பற்று உண்டாகிவிட்டது என்பதை மறைப்பானேன்!

அம்மாநிலத்தின் பெருநகரம் நியூ ஆர்லியன்ஸ். 1718இல் தோன்றிய அந்நகருக்கு ஒன்பது ஆண்டு கழித்து, 1727ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், உர்சுலா சபைக் கன்னியர் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தனர். கடற்கொள்ளையர் பயம், புயல், தரைதட்டிய கப்பல் எல்லாவற்றையும் தாண்டி ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட பயணம். வந்தவுடன் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய அமெரிக்க நாட்டின் எல்லைக்குள் இடைவிடாது நடந்துவரும் பெண்கள் பள்ளிகளில் மூத்தது அதுவே. அக்கன்னியருள் இளையவரான மரி மதலேன் அஷார் என்பவர் ரூவான் நகரிலிருந்த தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் 1728இல் அச்சாயின. புதிய நாட்டில் தாங்கள் உண்ட மீன், வேட்டை இறைச்சி, பழங்கள் பற்றியெல்லாம் அதில் எழுதியிருக்கிறார். துறவு மடத்துப் பெண்ணானாலும் சாப்பாட்டைப் பற்றி வீட்டுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை பாருங்கள்! விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியருக்கு இது நன்றாகப் புரியும்.

அக்கன்னியரின் பழைய மடம், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது, நகரின் பிரெஞ்சுப் பேட்டையில் சார்ட்டர்ஸ் தெருவில் இன்றும் நிற்கிறது. அதே தெருவில்தான் 1979ஆம் ஆண்டு பால் புரூடோம் என்பவர் ஒரு சிறிய உணவகம் திறந்தார்.

புரூடோம் 1940இல் ஒப்பலூசாஸ் என்னும் ஊருக்கு அருகே ஒரு சிறு பண்ணையில் பிறந்த கேஜன். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. அக்காமார் திருமணமாகிப் போய்விட, அம்மாவுக்கு அடுப்படியில் கைகொடுத்தது இந்தக் கடைசி மகன். வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. அன்றன்று பறித்ததும் பிடித்ததுமே சமையல். அந்த ருசியே தம்மை ஆளாக்கியது என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு. நியூ ஆர்லியன்ஸில் கமாண்டர்ஸ் பேலஸ் என்ற பெரிய உணவகத்தில் தலைமைச் சமையற்காரராகப் பெயர் பெற்றபின், மனைவி கே உடன் சேர்ந்து தொடங்கியதே இக்கடை. இருவர் பெயரையும் சேர்த்துக் கே–பால்ஸ் லூயிசியானா கிச்சன் என்று பெயர் வைத்தார்கள். பால் அடுப்பைப் பார்த்துக்கொண்டார், கே பந்தியைப் பார்த்துக்கொண்டார். முன்பதிவு இல்லை. வருகிறவர் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே இடம் கிடைத்தாலும் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

விறகுத் தணலில் சுட்ட மீனின் மணத்தைத் தம் கடையிலும் கொண்டுவர வேண்டும் என்பது புரூடோமின் ஆசை. ஆனால் அந்தச் சின்ன அடுப்படியில் தணலடுப்புக்கு இடமில்லை. ஆகவே கனத்த வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை நெருப்பாய்க் காயவைத்து, முள் நீக்கிய மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மசாலைப் பொடியில் புரட்டி, அச்சட்டியில் போட்டெடுத்தார். சீறிக்கொண்டு புகை கிளம்பியது. இரண்டு நிமிடத்தில் மேற்புறம் கருத்து மொரமொரத்தது. உள்ளே மீன் சாறு வற்றாமல் வெந்திருந்தது. இது நடந்தது 1980ஆம் ஆண்டு. இதனைச் சிலர் கேஜன் மக்களின் நூற்றாண்டுப் பழக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. கேஜன் ஒருவர் கண்டுபிடித்தது, கேஜன் மசாலைகள் சேர்ந்தது, அவ்வளவே. நம் நாட்டிலும் போன தலைமுறையில் வந்த பண்டத்தைப் பழம்பெரும் பாரம்பரியம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டல்லவா?

அவர் பயன்படுத்திய மீனுக்கு ரெட்பிஷ் என்று பெயர். சொல்லுக்குச் சொல் மாற்றினால் செம்மீன் ஆகும். ஆனால் செம்மீன் என்றால் கேரளத்தில் இறால். ஆகையால் குழப்பம் வேண்டாம், ரெட்பிஷ் என்றே வைத்துக்கொள்வோம். வாலடியில் கண் போன்ற ஒரு கரும்புள்ளி அதன் அடையாளம். இம்மீன் நம் கடற்கரைச் சந்தைகளில் கிடைக்கும் கத்தாளை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசைகளால் அதிரச் செய்து முரசு கொட்டுவது போல் ஒலி எழுப்புவது இக்குடும்பத்தின் வழக்கம். அதனால் முரசு மீன் என்ற பொருளிலும் ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. கத்தாளை என்ற பெயரிலேயே "கத்து" இருக்கிறதே என்று எங்களில் ஒருத்தி சுட்டிக்காட்டினாள். அந்தச் சொல்லாராய்ச்சியைத் தமிழாசிரியையிடம் விட்டுவிடுகிறோம்.

இனிச் சொல்லப்போவது அந்த மீனுக்கு நேர்ந்த கதி. புரூடோமின் சமையற் புத்தகம் 1984இல் வெளிவந்தது. நாடெங்கும் உணவகங்கள் கருக்கிய மீனைப் பின்பற்றத் தொடங்கின. அதுவரை பெரும்பாலும் கரையோர மக்களே உண்டுவந்த மீனுக்குத் திடீரென்று அமெரிக்கா முழுவதும் கிராக்கி ஏற்பட்டது. ரெட்பிஷ் குஞ்சாயிருக்கும்போது கரையோரக் காயல்களில் வளரும். முதிர்ந்தபின் ஆழ்கடலுக்குப் போய்ப் பெருங்கூட்டமாய்த் திரியும். நாற்பது ஆண்டு வரை கூட வாழும். முட்டையிட்டுக் குலம் பெருக்குவன அந்த முதிய மீன்களே. அவற்றின் கூட்டத்தை ஆகாய விமானத்திலிருந்து பார்த்துச் சொல்ல, கீழே படகுகள் சுருக்குவலையால் கூட்டத்தையே வளைத்து அள்ளின. 1986இல் மட்டும் வளைகுடாவில் ஒரு கோடி ராத்தலுக்கு மேல் பிடிபட்டது. தாய் மீன்கள் போனால் காயலில் குஞ்சு ஏது? அவ்வாண்டே அரசாங்கம் அவசரக் கட்டுப்பாடு விதித்தது. 1988இல் மத்திய அரசுக்கு உட்பட்ட ஆழ்கடற் பரப்பில் ரெட்பிஷ் பிடிப்பதே தடை செய்யப்பட்டது. லூயிசியானாவும் வணிகத்துக்காகப் பிடிப்பதை நிறுத்தியது. டெக்சாஸ் மாநிலம் இந்த மோகம் பரவுமுன்னரே, 1981இல், தன் கரையில் பிடித்த ரெட்பிஷ்ஷை விற்கக் கூடாதென்று சட்டம் செய்திருந்தது. பின்னர் 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், அந்த ஆழ்கடல் மீனை விற்பனைக்கு விடக்கூடாது என்று ஓர் ஆணையும் பிறப்பித்தார். புரூடோம் கடையிலும் வேறு மீன்கள் கருக்குச் சட்டிக்கு வந்தன. பண்ணைக் குளங்களில் ரெட்பிஷ் வளர்க்கவும் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு தட்டுப் பண்டம் ஒரு கடல் மீனை ஏழெட்டு ஆண்டில் இந்நிலைக்குக் கொண்டுவந்தது எங்களை யோசிக்க வைத்தது. சமையற்காரரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர் கருக்கும் முறையைத்தான் கண்டுபிடித்தார். எந்த மீனிலும் செய்யலாம் என்று புத்தகத்திலேயே மாற்று மீன்களையும் சொல்லியிருக்கிறார். "ரெட்பிஷ்தான் வேண்டும்" என்று அடம் பிடித்தவர்கள் சாப்பிட வந்தவர்கள். புரூடோம் 2015இல் காலமானார். கடையும் 2020இல் மூடப்பட்டது.

தபசுகாலத்தில் இப்பண்டம் ஆகுமா என்று எங்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. லூயிசியானாவில் தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுவல் விருந்து இல்லாத பங்கே அபூர்வம். முதலை இறைச்சியும் மீன் இனத்தில் சேருமா என்று ஒருவர் கேட்டு எழுத, நியூ ஆர்லியன்ஸ் பேராயராயிருந்த கிரகோரி ஏமண்ட் 2010இல் சேரும் என்று பதில் அனுப்பியிருக்கிறார்! ஆகவே மீனுக்குத் தடையில்லை. வெண்ணெய்? இடைக்கால ஐரோப்பாவில் ஒருசந்தி நாட்களில் இறைச்சியோடு பாலும் வெண்ணெயும் விலக்கு. பணம் கட்டி விலக்குப் பெற்றவர்கள் உண்டு. மேலே சொன்ன கன்னிகை பிறந்த ரூவான் நகரில், பேராலயத்துக் கோபுரம் ஒன்று அப்படிச் சேர்ந்த காணிக்கையால் எழுந்தது என்று வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர் பெற்றிருக்கிறது. இன்றைய சுத்தபோசன விதியில் வெண்ணெய்க்குத் தடை ஏதும் இல்லை. ஆயினும் இவ்வளவு ருசியாய்த் தின்றுவிட்டு அதற்கு ஒறுத்தல் என்று பெயரிடுவது கொஞ்சம் அதிகந்தான். ஈஸ்டர் கழித்துச் செய்வது உத்தமம் என்று பெரும்பான்மையோர் தீர்மானித்தோம்.

இனி அடுப்படிக்கு வருவோம். முதலில் கருக்குதல் வேறு, கரித்தல் வேறு என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே கருப்பது பெரும்பாலும் மீனன்று, அதன் மேலுள்ள வெண்ணெயும் பொடியுந்தான். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. மீதியில் நீரும், பாலின் புரதமும் சர்க்கரையும் உண்டு. வெண்ணெய் காய்ச்சி நெய் எடுக்கும்போது அடியில் தங்கும் கசடு முதலில் பொன்னிறமாகிப் பிறகு பழுப்பாவதைப் பார்த்திருக்கிறோம். அதே மாற்றம் இங்கே சில விநாடிகளில் நடக்கிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. காப்பிக்கொட்டை வறுபடும்போதும், ரொட்டியின் மேலோடு சிவக்கும்போதும் எழும் மணமும் இவ்வினையால்தான். மிளகாய்ப் பொடியும் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் உடன் வறுபட்டு ஒரு மேலோடு ஆகின்றன. அந்த ஓடு செம்பழுப்பும் கருப்புமாக இருக்க வேண்டும். முழுக்கரியாகிவிட்டால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. மிகு வெப்பத்தில் மீன், இறைச்சித் தசைகளில் தோன்றும் சில பொருள்கள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆகையால் இதை வாராவாரம் செய்யாமல் எப்போதாவது ஒரு நாள் செய்வதே நல்லது.

சட்டியைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். "வீட்டில் தோசைக்கல் இருக்கிறதே, அதுவும் இரும்புதானே" என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து தோசைக்கல்லைத் தொடாதீர்கள். காரணம் இரண்டு. தோசைக்கல்லின் வழவழப்பு அம்மா பல வருடம் எண்ணெய் தடவித் தடவி ஏற்றிய பதம். எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிய மெல்லிய படலம் அது. மீன் கருக்கும் சூட்டில் அப்படலமே எரிந்து சாம்பலாகிவிடும். மறுநாள் தோசை ஒட்டும். பிறகு நடக்கும் பூசைக்கு நாங்கள் பொறுப்பல்ல. இரண்டாவது, தோசைக்கல்லுக்கு விளிம்பு கிடையாது. உருகிய வெண்ணெய் வழிந்து அடுப்புத் தீயில் விழுந்தால் தீ மேலே ஏறும். ஆகவே விளிம்புள்ள, அடி தட்டையான, கனத்த வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று தனியாக வேண்டும். மெல்லிய தகரச் சட்டி உதவாது. குளிர்ந்த மீன் பட்டதும் அதன் சூடு இறங்கிவிடும். மீன் தண்ணீர் விட்டு அவியத் தொடங்கும், கருக்காது. கனத்த இரும்பு சூட்டைச் சேர்த்து வைத்து மீனுக்குக் கொடுக்கும்.

ஒட்டாத பூச்சுப் பூசிய புதுமாதிரிச் சட்டியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. 260 பாகை சென்டிகிரேடுக்கு மேல் அப்பூச்சு சிதையத் தொடங்கி நச்சுப் புகை விடும். வீட்டில் கூண்டுக்கிளி வளர்ப்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். மனிதருக்குத் தலைவலியும் காய்ச்சலும் தரும் அப்புகை பறவைகளைக் கொன்றே விடும்.

மீன் வாங்கும்போது சதை கெட்டியான மீனாகப் பாருங்கள். வஞ்சிரம், கொடுவா, சங்கரா, பெரிய கத்தாளை எல்லாம் ஏற்றவை. புரூடோமும் மாற்று மீன்களில் சங்கரா இனத்தைச் சொல்லியிருக்கிறார். கொடுவா இப்போது உவர்நீர்க் குளங்களில் வளர்க்கப்படுவதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் காலத்திலும் கிடைக்கக்கூடும். துண்டின் கனம் அரை அங்குலம். முக்கால் அங்குலத்துக்கு மேல் போனால் வெளியே கருகி உள்ளே பச்சையாயிருக்கும். மத்தி, நெத்தலி போன்ற சிறு மீன்களை இதில் போட்டுப் பாழாக்க வேண்டாம். அவற்றுக்கு நம் குழம்பே மேல்.

நான்கு துண்டுக்கு, அதாவது அறுநூறு கிராம் மீனுக்குப் பொடி இது: காரம் குறைந்து நிறம் மிகுந்த காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால், பூண்டுப் பொடி அரை, வெங்காயப் பொடி அரை, நம் வழக்கமான காரமிளகாய்த்தூள் கால் முதல் அரை வரை, கருமிளகுத்தூள் கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல், வெள்ளை மிளகுத்தூள் அதே அளவு. சிவப்பும் கருப்பும் வெள்ளையுமாக மூன்று காரங்கள் ஏன் என்றால், ஒவ்வொன்றும் வாயில் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு நேரத்தில் உறைக்கும் என்பது புரூடோமின் கணக்கு. மூலச் செய்முறையில் தைம், ஆரிகனோ என்ற இரு உலர்ந்த இலைகளும் உண்டு. கடையில் கிடைத்தால் கால் தேக்கரண்டி வீதம் சேருங்கள். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். தைமின் மணத்துக்குக் காரணமான தைமால் என்னும் பொருள் நம் ஓமத்தில் நிறைய இருக்கிறது. ஆரிகனோவின் மணப்பொருளைக் கொல்லையில் வளரும் கற்பூரவல்லி இலையில் காணலாம். நான்கைந்து கற்பூரவல்லி இலைகளை நிழலில் நன்றாகக் காயவைத்துப் பொடி செய்யுங்கள். ஓமம் இரண்டு சிட்டிகை போதும், மிஞ்சினால் வயிற்றுவலி மருந்து போலாகிவிடும்.

பச்சைப் பூண்டையும் வெங்காயத்தையும் அரைத்துப் பூசலாகாதா என்றால், ஆகாது. ஈரம் இருக்கும்வரை சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். நீர் வற்றிய பிறகே கருக்கல் தொடங்கும். அதற்குள் மீன் வறண்டுவிடும். இதே காரணத்தால் எலுமிச்சைச்சாறு, தயிர், புளி எதையும் முன்கூட்டிச் சேர்க்கக் கூடாது. நாம் மசாலையை அரைத்துத் தடவி அரைமணி ஊறவைத்துப் பழகியவர்கள். இங்கே எல்லாம் நேர்மாறு. மீனைக் கழுவியதும் சுத்தமான துணியால் ஒற்றி ஒற்றி ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். வெண்ணெயும் பொடியும் அடுப்பில் போடுவதற்குச் சற்று முன்புதான்.

வெண்ணெய் உப்பில்லாதது, நூறு கிராம், உருக்கியது. நெய்யால் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். நெய் வெண்ணெயைவிட மிகுந்த சூடு தாங்கும், புகையும் குறைவு. ஆனால் கருக்குவதற்குரிய பாற்கசடு அதில் இல்லை. பாதி வெண்ணெய், பாதி நெய் என்று கலந்தது எங்களுக்குப் பிடித்திருந்தது.

அடுப்பு எங்கே என்பது பெரிய கேள்வி. பெருங்கடைகளில் புகையை உறிஞ்சும் விசிறிக் கூண்டுகள் உண்டு. நம் வீட்டு அடுப்படியில் இதைச் செய்தால், மிளகாய் நெடி கூடம், திண்ணை, பக்கத்து வீடு வரை போய்விடும். ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் உள்ளே செய்யவே கூடாது. கொல்லைப்புறத்தில் கல் கூட்டி விறகடுப்பு மூட்டினால் புகைக்கும் வழி, புரூடோம் தேடிய விறகு மணத்துக்கும் வழி. தாவணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நைலான் துணி உடுத்தி நிற்காதீர்கள். சட்டியின் அளவுக்குச் சரியான மூடி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். சட்டியில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி எரியும் நெய்யைச் சுற்றிலும் வாரியடிக்கும். பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம்.

வெறுஞ்சட்டியை அடுப்பிலேற்றிப் பெருந்தீயில் பத்து நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் முத்தாக ஓடுகிறதா என்று பார்ப்பது நம் வழக்கம். அந்தச் சூடு இதற்குப் போதாது. புகை வந்து, புகை அடங்கி, சட்டியின் நடுவில் வெளிறிய சாம்பல் நிறம் தெரிய வேண்டும். இப்போது ஒரு துண்டை வெண்ணெயில் முக்கி, இருபுறமும் பொடி தூவி, விரலால் மெல்ல அழுத்தி, நீண்ட காம்புள்ள தோசைத் திருப்பியால் சட்டியில் இறக்குங்கள். மேலே ஒரு தேக்கரண்டி வெண்ணெய் விடும்போது முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் அசைக்காதீர்கள். ஓடு பிடித்தால் தானே சட்டியை விட்டு எழும்பும். திருப்பி, இன்னும் ஒரு தேக்கரண்டி வெண்ணெய், இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக. முள்கரண்டியால் நடுவில் விலக்கிப் பார்த்தால் சதை கண்ணாடித் தன்மை போய் வெண்மையாய் ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். அவ்வளவே. ஒரு நேரத்தில் ஒரு துண்டு, சட்டி பெரிதானால் இரண்டு. ஒவ்வொரு முறையும் சட்டியில் தங்கிய கருந்தூளை வழித்தெடுத்துவிட்டு மறுபடி காயவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மீனின் கரி இரண்டாம் மீனில் கசக்கும்.

சுடச்சுடப் பரிமாறுவதுதான் முறை. எலுமிச்சை இப்போது பிழியலாம். அங்கே மிஞ்சிய உருகிய வெண்ணெயைச் சிறு கிண்ணத்தில் பக்கத்தில் வைப்பார்கள். எங்களுக்கு வெறும் சோறும், மிளகு குறைத்த ரசமும், வெள்ளரிக்காய்த் துண்டுகளும் போதுமாயிருந்தன. கருத்த ஓட்டைக் கண்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு முதலில் உள்சதையைப் பிட்டுக் கொடுங்கள்.

சாப்பிட்ட கையோடு சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு விண்டுபோகும். தானாக ஆறியபின் கல்லுப்பும் தேங்காய்நாரும் கொண்டு தேய்த்து, வெந்நீரில் அலசி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் மெலிதாகத் தடவி வையுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் சட்டி மறுபடி கருத்து மினுமினுக்கும்.